முகத்தைக் கொண்டு போகாதே

"உங்கள் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் ஐயா" என்று உங்கள் பயிற்சி நிலையத்தில் கேட்டார்கள். வெளியுறவுப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் படிக்கக் கொடுப்பார்களாம். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் நம் தொழிலில் கிடையாது என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். உட்கார்ந்து பேசப்போகும் மேஜை வட்டமா நீளமா என்று முடிவு செய்யவே வாரக்கணக்கில் எடுத்துக்கொள்கிற கூட்டம் நாம். ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றபின் சொந்த ஊரான ஆரணிக்கே வந்துவிட்டேன். பக்கத்து வீட்டு விசைத்தறி விடிந்ததிலிருந்து அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். தெருவில் என்னை 'அம்பாசிடர் சார்' என்று கூப்பிடுகிறார்கள். நான் ஒருநாளும் அம்பாசிடராக இருந்ததில்லை. தூது போனவன் என்று சொன்னால், "யார்கிட்டருந்து யார்கிட்ட?" என்று கேட்பார்கள். அதைத்தான் சொல்லக்கூடாது. இரண்டு வல்லரசுகளுக்கு நடுவில் என்பதோடு உங்களிடமும் நிறுத்திக்கொள்கிறேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறவென்று சொல்ல அக்கா ஒருத்திதான். இங்கிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. அவளோடு ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிட வேண்டும், அதைத் தவிர எனக்கு இப்போது வேறு ஆசை ஒன்றும் இல்லை. பணி அனுபவம் கேட்டால் வீட்டு விஷயத்தைச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டுவிட்டன, என்னால் பிரிக்க முடியவில்லை.

அந்த இரண்டு நாடுகளும் ஒன்றின் தூதரகத்தை ஒன்று இழுத்து மூட வைத்திருந்தன. ஒரு நாட்டில் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்க மறு நாட்டிலிருந்து தகப்பன் வர முடியாது. அங்கே படித்துக்கொண்டிருந்த பையன் பாதியில் நின்றான். கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே நின்றன. அந்தக் கப்பல்களில்தான் பட்டு நூலும் வரவேண்டும். எங்கள் ஆரணியிலேயே தறிகள் ஓடாமல் கிடந்தன. அக்கா வீட்டுக்காரர் பட்டுச்சேலை வியாபாரி. அவர் ஒருநாள் போனில், "அவனுங்க ரெண்டு பேரும் அட்ச்சிகினா நமக்கு இன்னா மச்சான்? இங்க தறியில பாவு போட நூல் இல்ல. ஒரே பேஜாரா கீது. எவனாவது நடுவுல போயி சமாதானம் பேச மாட்டானா?" என்று கேட்டார். பேசத்தான் மாமா நான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. "பாக்கலாம் மாமா" என்றேன்.

சமாதானம் பேச முன்வந்தது ஒரு மூன்றாவது நாடு. அவர்கள் அமைத்த குழுவுக்கு நம் நாட்டிலிருந்து சிலரை இரவல் வாங்கினார்கள். அதில் நான் ஒருவன். ஏரிக்கரையில் ஒரு பெரிய ஓட்டல். கிழக்குப் பக்கம் ஒரு நாட்டின் தூதுக்குழு, மேற்குப் பக்கம் இன்னொரு நாட்டின் தூதுக்குழு. ஒரே அறையில் உட்கார இருவரும் சம்மதிக்கவில்லை. நடுவில் ஒரு நீண்ட தாழ்வாரம். கிழக்கு அறை சொல்வதை மேற்கு அறையில் போய்ச் சொல்ல வேண்டும், மேற்கு சொல்வதைக் கிழக்கில் சொல்ல வேண்டும். அதுதான் என் வேலை. படித்த படிப்புக்கும் எழுதிய பரீட்சைக்கும் கடைசியில் கிடைத்தது நடை.

எங்கள் குழுவுக்குத் தலைவி வயதான ஓர் அம்மையார். உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. முதல் நாளே என்னைத் தாழ்வாரத்தின் நடு ஜன்னல் அருகே நிறுத்திச் சொன்னார்: "வார்த்தையைக் கொண்டு போ. முகத்தைக் கொண்டு போகாதே." அவர் கோபமாகச் சொன்னார், இவர் தயங்கிச் சொன்னார் என்றெல்லாம் சேர்க்கக்கூடாது. வார்த்தை அவர்கள் கொடுத்தது. முகம் நீ பார்த்தது. நீ பார்த்ததை அவர்கள் கொடுத்ததாக்கிவிடாதே என்பது அவர் சொன்னதன் பொருள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நமக்கு என்ன சிரமம்?

அந்த விதியை மீறுவதற்கு எனக்கு அதிக நாள் ஆகவில்லை.

புறப்படும்போது அக்கா ஒரு டப்பா நிறைய உருண்டை பிடித்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். வறுத்த மல்லாட்டையை வெல்லப்பாகில் போட்டுப் பிடிப்பது. பாகு அவளுக்கு எப்போதும் ஒரு கம்பி முற்றிப்போகும். வாயில் போட்டால் பல்லோடு போய் உட்கார்ந்துகொள்ளும். கிழக்கு அறைத் தலைவர் கனத்த உடம்புக்காரர், இனிப்புப் பிரியர். என் கையில் டப்பாவைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். ஒன்று கொடுத்தேன். அதை வாயில் போட்டுக்கொண்டே மேற்கு அறைக்கு ஒரு பதிலைச் சொன்னார். நான் மேற்கு அறைக்குப் போய் அந்தப் பதிலை ஒப்பித்தேன். அங்கே இருந்த தலைவர் ஒல்லியானவர், சந்தேகப் பேர்வழி. அவருடைய கடுகடுப்பைக் கொஞ்சம் தணிக்கலாமே என்று, "சிரித்துக்கொண்டேதான் சொன்னார்" என்று ஒரு வார்த்தை கூட்டிவிட்டேன்.

"எங்கள் நிபந்தனையைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வருகிறதா?" என்று அவர் எழுந்துவிட்டார். அன்றைய பேச்சு முழுக்க அதோடு போயிற்று.

அவர் சிரிக்கவே இல்லை என்பதுதான் கூத்து. பல்லில் ஒட்டிய பாகை நாக்கால் நெம்பிக்கொண்டிருந்தார். உருண்டையைக் கொடுத்தவன் நான், அது ஒட்டும் என்று தெரிந்தவனும் நான், அப்படியிருந்தும் சிரிப்பென்று நினைத்தேன். இரண்டு பேருக்கும் நல்லது நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும். உங்களுக்கும் வரும். அம்மையார் என்னைத் திட்டவில்லை. "அந்த உருண்டையில் எனக்கும் ஒன்று கொடு" என்று வாங்கித் தின்றுவிட்டு, வாயைத் திறக்க முடியாமல் என்னைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அது போதுமானதாக இருந்தது.

அதற்கப்புறம் நான் வார்த்தையை மட்டுமே சுமந்தேன். அதனால் என்ன ஆயிற்றென்றால், இரண்டு அறைகளிலும் என் முன்னால் கூச்சப்படுவதை விட்டுவிட்டார்கள். கொட்டாவி விட்டார்கள். தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். இவன் பார்ப்பதை வெளியே சொல்ல மாட்டான் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்பதுதான் நம் தொழிலில் பாதி.

பேச்சு முடியும் கட்டத்துக்கு வந்தபோது இரு தரப்பும் ஒரு முடிவு எடுத்தன. மறுநாளிலிருந்து, ஒப்பந்தம் ஆகும்வரை யாரும் ஓட்டலை விட்டு வெளியே போகக்கூடாது, எல்லோரும் போனைக் கொடுத்துவிட வேண்டும். அதே வாரத்தில்தான் ஆரணியில் அக்கா மகள் கல்யாணம்.

நான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தமென்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்ணின் நெற்றியில் பொன் தகட்டுப் பட்டத்தை மாமன்தான் கட்ட வேண்டும். மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்துக்கொண்டுபோய் மணையில் உட்கார வைக்க வேண்டும். அக்காவுக்கு இருக்கும் ஒரே தம்பி நான். நூல் வரத்து நிற்பதற்கு முன்பே அரக்கு நிறத்தில் மாமன் சேலை ஒன்று நெய்யச் சொல்லியிருந்தேன். அது தறியிலிருந்து இறங்கி அக்கா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆள் மட்டும்தான் போகவேண்டியது பாக்கி.

அம்மையாரிடம் சொன்னேன். "போ. யாருடைய தம்பியையும் பிடித்து வைக்க எனக்கு அதிகாரமில்லை" என்றார். பிறகு தாழ்வாரத்தைப் பார்த்தபடி, "ஆனால் இந்த இரண்டு அறைக்காரர்களும் சேர்ந்து நம்புகிற ஒரே பொருள் இப்போது உன் கால்கள்தான். வேறொருவர் நடந்தால் முதலிலிருந்து சந்தேகப்படுவார்கள். தெரிந்துகொண்டு முடிவு செய்" என்றார்.

போனைக் கொடுக்குமுன் அக்காவைக் கூப்பிட்டேன்.

"எப்போடா வர்ற? பந்தல்காரன் வந்துட்டான். மாமன் எங்க, மாமன் எங்கன்னு எல்லாம் கேட்டுகினு கீறாங்க. ஜல்தியா கெளம்பு."

"அக்கா, வர முடியாதுக்கா."

"இன்னாடா சொல்ற? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. வேலைக்கா."

"இன்னா வேலைடா? மாமன் இல்லாம மணையில எப்படிடா பொண்ண உக்கார வெக்கிறது? நீ கையில தூக்கினு திரிஞ்ச பொண்ணுடா அது. இன்னா வேலைன்னாவது சொல்லு, நான் கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்லணும்."

"சொல்லக் கூடாதுக்கா."

"என்கிட்டயா?" என்றாள். அவ்வளவுதான். அவள் என்னிடம் நேராகப் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

கல்யாணத்தன்று காலை. ஊரில் முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருக்கும் நேரம். நான் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். மேற்கு அறைத் தலைவர் கடைசியாக ஒரு யோசனை சொல்லியிருந்தார். முதலில் இரண்டு தூதரகங்களையும் ஒரே நாளில் திறப்போம், மற்றதைப் பிறகு பேசுவோம். அதைக் கிழக்கு அறையில் சொன்னேன். கனத்த மனிதர் நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"முடியாது என்று சொல்லுங்கள். இதற்குமேல் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. நாங்கள் கிளம்புகிறோம்."

அப்படிச் சொன்னவரின் காலைப் பார்த்தேன். பூட்ஸைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளியிருந்தார். கோட்டு ஆணியில் தொங்கியது. கிளம்புகிறவன் காலில் செருப்பு இருக்க வேண்டாமா? இவர் எங்கேயும் போகவில்லை. இவருக்குப் போக மனமில்லை. தன் ஊரில் தனக்கு மேலே இருப்பவர்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டு, யாராவது தடுக்க மாட்டார்களா என்று உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அப்படித்தான் பட்டது. ஆனால் எனக்குப் பட்டதற்கு என்ன மதிப்பு? பாகு ஒட்டியதைச் சிரிப்பென்று பார்த்தவன் நான்தானே.

மேற்கு அறைக்குப் போய் வார்த்தை மாறாமல் சொன்னேன். ஒல்லியான மனிதர் காகிதங்களை அடுக்கினார். ஜன்னலுக்கு வெளியே அவர்களுடைய கார்கள் வந்து நின்றன. உதவியாளர்கள் பெட்டிகளை எடுத்தார்கள். அவர் கதவுவரை வந்து நின்று என்னைக் கேட்டார்.

"அதைச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது?"

பிள்ளைகளே, அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். சொன்னால், என் முன்னால் பூட்ஸைக் கழற்றிய மனிதருக்குத் துரோகம். நான் பார்த்ததும் தப்பாக இருக்கலாம். சொல்லாவிட்டால் கார் கிளம்பிவிடும். அப்புறம் எத்தனையோ தகப்பன்கள் எத்தனையோ பெண்களைப் பார்க்காமலேயே இருந்துவிடுவார்கள். என் அக்கா மகள் நெற்றியில் வேறு யாரோ பட்டம் கட்டியது ஒன்றுக்கும் இல்லாமல் போகும். அந்த நேரத்தில் அந்த நினைப்பும் வந்தது, மறைப்பானேன்.

"அந்த முகம் என்னுடையது அல்ல, நான் எடுத்துச் சொல்ல" என்றேன். "உடையவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன். வரும்வரை நில்லுங்கள்."

தாழ்வாரத்தில் அன்றைக்குத்தான் ஓடினேன். கிழக்கு அறைக்குள் மூச்சிரைக்கப் போய் நின்றேன். "உங்கள் வார்த்தையைச் சொல்லிவிட்டேன். உங்கள் முகம் எப்படி இருந்தது என்று கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்?"

உதவியாளர் ஒருவர் என்னை வெளியே போகச் சொன்னார். கனத்த மனிதர் கையைத் தூக்கி அவரை அடக்கினார். என்னையே பார்த்தார். பிறகு நாற்காலிக்கு அடியில் கிடந்த பூட்ஸைப் பார்த்தார்.

"என் முகம் எப்படி இருக்கிறதென்று அவரே வந்து பார்க்கட்டும்" என்றார்.

இதை அழைப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம், சண்டைக்கு இழுப்பதாகவும் எடுத்துக்கொள்ளலாம். எதுவென்று எனக்கும் நிச்சயமில்லை. கூட்டாமல் குறைக்காமல் அப்படியே கொண்டுபோய் மேற்கு அறையில் வைத்தேன். ஒல்லியான மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். பெட்டிகளைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு என் பின்னால் நடந்து வந்தார். நான் மட்டுமே தேய்த்த தாழ்வாரத்தில் அவர் கால் பட்டது அதுதான் முதல் தடவை. நடு ஜன்னல் அருகே நின்று, "முதலில் என்ன பேசுவது?" என்று கேட்டார். உலகத்தையே மிரட்டுகிற நாட்டின் தூதர், பள்ளிக்கூடப் பையன் போலக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் தேவைப்படவும் இல்லை. உள்ளே போனதும் கனத்த மனிதர் என்னிடம் கையை நீட்டினார். எதற்கென்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. டப்பாவில் மிச்சமிருந்த உருண்டைகளைக் கொடுத்தேன். ஒன்றை ஒல்லியானவரிடம் தள்ளிவிட்டுத் தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டார். இருவருக்கும் பல்லில் ஒட்டிக்கொண்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, வாயைத் திறக்க முடியாமல் இரண்டு வல்லரசுகளும் உட்கார்ந்திருந்தன. அம்மையார் என் தோளைத் தொட்டு வெளியே கூட்டி வந்து கதவைச் சாத்தினார்.

தூதரகங்கள் திறந்தன. கப்பல்கள் நகர்ந்தன. ஆரணியில் தறிகள் மறுபடி ஓடின. அக்கா வீட்டுக்காரரும் நூல் வாங்கினார். கைகுலுக்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதில் நான் இல்லை, இருக்கவும் கூடாது. கிடைத்த முதல் விடுப்பில் ஊருக்கு வந்து அக்கா வீட்டு வாசலில் நின்றேன். மாமாதான் வெளியே வந்தார். "இப்ப வேணாம் மச்சான். அவ ரொம்ப ஒடஞ்சி போயிட்டா. ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன நிக்க வெச்சிதான் பட்டம் கட்டினோம்" என்றார். மாமன் சேலையை என் கையில் திருப்பிக் கொடுத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது.

நான் செய்தது சரியா என்று கேட்பீர்கள். அதே நிலை நாளை வந்தாலும் அங்கேதான் நிற்பேன். அதனால்தான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாய் வருவதில்லை. செய்ததற்கு வருந்தாமல் எப்படி மன்னிப்புக் கேட்பது? ஆனால் அந்தப் பெண்ணை மணையில் உட்கார வைத்திருக்க வேண்டும் என்று ஏங்காத நாள் இல்லை. இரண்டும் என்னிடம் ஒரே அளவில் இருக்கின்றன. இதற்கு எந்தப் பயிற்சி நிலையத்திலும் பாடம் கிடையாது. இப்போது அந்த இரண்டு நாடுகளும் மறுபடி முறைத்துக்கொண்டு நிற்பதாகச் செய்தியில் சொல்கிறார்கள். அந்தத் தாழ்வாரத்தில் அடுத்து நடக்கப்போவது உங்களில் யாரோ.

சேலை என் அலமாரியில் இருக்கிறது. பட்டுச்சேலையை ஒரே மடிப்பில் வைத்திருந்தால் ஜரிகை மடிப்போடு விட்டுப்போகும். அவ்வப்போது எடுத்துப் பிரித்து, மடிப்பை மாற்றி வைக்கிறேன். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா தனியாகத்தான் இருக்கிறாள்.

எங்கள் இருவர் வீட்டுக்கும் பூ கொடுக்கிறவள் மல்லிகா. இங்கே அம்மா படத்துக்கு ஒரு முழம், அங்கே சாமி படத்துக்கு இரண்டு முழம். நேற்று சாயங்காலம் அவளிடம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொல்லியனுப்பினேன். "தம்பி ஒரு தடவை வந்து பாக்கட்டுமான்னு கேளு." திரும்பி வந்து, "ஒண்ணும் வேணாம்னு சொல்ட்டாங்க சார்" என்றாள்.

அப்போது என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது.

"சொல்லும்போது மொகம் எப்படி இருந்துச்சு?"

மல்லிகா கூடையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு என்னை முறைத்தாள். "இன்னா சார் நீங்க ரெண்டு பேரும்? அந்தம்மாவும் டெய்லி இதையேதான் கேக்குது. 'பூ வாங்கும்போது அவன் மொகம் எப்படிடி இருந்துச்சு, எளச்சிருந்தானா, சாப்ட்டானாமா'ன்னு. நான் பூ விக்கிறதா, உங்க மொகத்தப் பாத்துகினு திரியறதா?"

"நீ என்ன சொல்வே?"

"நீயே போயி பாத்துக்கம்மான்னு சொல்லுவேன். உங்களுக்கும் அதேதான். மூணு தெரு. நடந்தா கால் தேஞ்சிடுமா?"

தேயாது. என்னைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்?

இன்று மல்லிகா வரும்போது அவள் பின்னாலேயே நடந்து போகப்போகிறேன். சேலையை எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் என்ன பேசுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அதனால் காலையில் கடைக்குப் போய் மல்லாட்டை உருண்டை ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன், பாகு முற்றியதாகப் பார்த்து. அதைக் கடிக்க அக்காவுக்கு இப்போது பல் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது.